சிறிய காரின் கூரையில் இரண்டு, மூன்று கயாக்: ஏற்றுவது முதல் இறக்குவது வரை முழுமையான வழிகாட்டி

கொறோலா, சிவிக் அளவுள்ள காரில் எத்தனை கயாக், அதாவது துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு வள்ளம், ஏற்றலாம் என்று யாராவது கேட்டால், நான் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். கயாக்கின் எடை என்ன? அகலம் என்ன? காரின் கையேட்டில் கூரைக்கு எத்தனை கிலோ போட்டிருக்கிறது? கேட்க வந்தவர் கயிற்றைப் பற்றியும் முடிச்சைப் பற்றியும் பேச வந்திருப்பார். அதற்கும் வருவோம். ஆனால் கூரை தாங்காத சுமையை எந்த முடிச்சும் தாங்கிக் கொடுக்காது.

இந்தக் கட்டுரை ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், ஸ்காபரோ, பிக்கரிங், ஏஜக்ஸ் என்று இருக்கிற குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் கடற்கரை, பிக்கரிங்கில் உள்ள பிரெஞ்ச்மன்ஸ் குடா, கொஞ்சம் தள்ளினால் கவார்தா ஏரிகள், நீண்ட வார இறுதி கிடைத்தால் அல்கொன்குயின் பூங்கா. வள்ளம் விட இடத்துக்குக் குறைவில்லை. அதற்காகப் பெரிய எஸ்யூவி வாங்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். சிறிய காரின் கூரை தாழ்வாக இருப்பதே பெரிய வசதி. கொறோலா செடானின் உயரம் ஏறத்தாழ 1.43 மீற்றர். நடுத்தர உயரமுள்ள ஒருவர் ஏணி இல்லாமல் கூரைக்குக் குறுக்கே பொருத்தும் கம்பியை எட்டிப் பிடிக்கலாம். எஸ்யூவியில் அதே வேலைக்குக் கதவுப் படியில் ஏறித் தொங்க வேண்டும்.

முதலில் எடைக் கணக்கு

கையேட்டை எடுத்துக் கூரைச் சுமை என்ற பகுதியைத் தேடுங்கள். சிறிய கார்களில் இது பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ வரை இருக்கும். வோக்ஸ்வாகன் கோல்ஃபுக்கு 75 கிலோ. சில கார்களின் கையேடு, அதிலும் கண்ணாடிக் கூரை உள்ளவை, கூரையில் எதுவும் வைக்க வேண்டாம் என்றே சொல்லும். அப்படியென்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. வேறு வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த எண் ஓடும் காருக்கு உரியது. நிற்கும் காரின் கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும். நண்பர் ஒருவர் கூரையில் ஏறி நின்று காட்டினார் என்பதற்காக எண் மாறாது. பள்ளத்தில் விழும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சுமை கூரையை இழுக்கிற இழுப்பை எண்ணித்தான் அந்த அளவைப் போடுகிறார்கள்.

காரின் எண் ஒன்று, குறுக்குக் கம்பியின் எண் ஒன்று, கயாக் தாங்கியின் எண் ஒன்று. மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. கம்பியின் பெட்டியில் 75 என்றோ 100 என்றோ பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கார் 60 என்று சொன்னால் 60தான்.

அந்த எல்லைக்குள் கயாக் மட்டுமல்ல, கம்பியும் தாங்கியும் அடங்க வேண்டும். கடைகளில் அதிகம் விற்கிற 3 மீற்றர் பிளாஸ்டிக் கயாக் ஒன்று 16 முதல் 20 கிலோ. 18 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கயாக் 36, ஒரு சோடிக் கம்பி 6, இரண்டு கயாக்குக்கான, கயாக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கும் ஜே வடிவத் தாங்கிகள் 8. மொத்தம் 50 கிலோ. 60 கிலோக் கூரைக்கும் இது அடங்கும். மூன்று கயாக் என்றால் 54, கம்பி 6, நடுவில் நிமிர்ந்து நிற்கும் அடுக்குத் தாங்கி 3. மொத்தம் 63. 75 கிலோக் கூரையில் சரி, 60 கிலோக் கூரையில் முடியாது. மூன்று கிலோதானே என்று மனம் சொல்லும். அந்த மனதோடு 401 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

இன்னொரு எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். சிறிய செடான்களில் 385 கிலோ அளவில் இருப்பது வழக்கம். வளர்ந்தவர்கள் நான்கு பேர், ஆளுக்கு 75 என்றால் 300. கூரையில் 63. மீதி 22 கிலோ. ஐஸ் பெட்டி, பாதுகாப்பு அங்கி, துடுப்பு, அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பானை எல்லாம் அந்த 22க்குள் வர வேண்டும். நம்முடைய சுற்றுலாச் சாப்பாட்டை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு இறுக்கமான கணக்கு என்று புரியும். மூன்று கயாக் ஏற்றும் நாளில் நான்கு பெரியவர்களை ஏற்றாமல் விடுவதே என் முடிவு. நான்காமவர் வேறு காரில் வரட்டும், பானையோடு.

அடுத்து அகலம்

சிறிய காரின் குறுக்குக் கம்பி 110 முதல் 120 செ.மீ. நீளம் வரும். பொழுதுபோக்குக் கயாக்கின் அகலம் 70 முதல் 76 செ.மீ. இரண்டைப் பக்கத்தில் பக்கமாகப் படுக்க வைத்தால் 140க்கு மேல். கம்பியில் இடமில்லை. வெளியே நீண்ட கம்பியை வாங்கிப் போட்டால் இறங்கி ஏறும்போது நெற்றி அடிபடும், அதைவிட முக்கியமாக அந்தக் கம்பி அந்தக் காருக்கு அளந்து செய்ததாக இருக்காது.

அதனால் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். 3 மீற்றர் கயாக்கின் ஆழம் 35 செ.மீ. சுற்றி வரும். விளிம்பில் நிறுத்தினால் இரண்டு 70, மூன்று 105. மூன்று வரை 120 செ.மீ. கம்பியில் நிற்கும், நான்கு நிற்காது. பெட்டியில் நான்கு கயாக் வரை என்று எழுதிய அடுக்குத் தாங்கிகள் உண்டு. தூலே நிறுவனத்தின் ஸ்டாக்கர் அப்படிப்பட்டது. அந்த நான்கு என்பது ஒடுங்கிய வள்ளத்துக்கும் அகலமான கூரைக்கும் பொருந்தும். உங்கள் கூரைக்கு நீங்களே அளந்து பாருங்கள்.

விளிம்பில் நிறுத்துவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பிளாஸ்டிக் கயாக்கின் அடிப்பகுதி தட்டையானது, பட்டியை இறுக்கினால் உள்ளே குழியும். பக்கவாட்டு விளிம்பு அந்த அளவுக்கு வளையாது. கோடை வெயிலில் பிளாஸ்டிக் இளகும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இரண்டு கயாக் மட்டும்தான் என்றால் ஜே வடிவத் தாங்கி இரண்டு சோடி வாங்குங்கள். ஒவ்வொன்றும் தனித் தனியாக நிற்கும், ஒன்றை இறக்கும்போது மற்றது சாயாது. மூன்று என்றால் அடுக்குத் தாங்கி. பஞ்சுக் கட்டைகளைக் கூரையில் வைத்துக் கதவு வழியே பட்டியைச் சுற்றிக் கட்டுகிற மலிவான வழி ஒன்றும் இருக்கிறது. ஒரே ஒரு கயாக்கை ரூஜ் கடற்கரை வரை மெதுவாகக் கொண்டுபோக அது போதும். பல கயாக்குகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் அது வேண்டாம்.

கம்பியைப் பொருத்துவது

சிறிய செடான்களில் பெரும்பாலும் கூரையில் தண்டவாளம் இருக்காது. கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கால்கள்தான். இந்தக் கால்களின் கவ்வி ஒவ்வொரு கார் மாதிரிக்கும் தனியாக வரும். பழைய காருக்கு வாங்கியதைப் புதிய காரில் மாட்டிப் பார்த்து, அசையவில்லை, பொருந்திவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. பொருத்தும் முன் கூரை விளிம்பைத் துடையுங்கள். ஒரு மணல் துகள் இருந்தால் பெயின்ற் போய்விடும்.

முன்கம்பி கண்ணாடியிலிருந்து எத்தனை செ.மீ., பின்கம்பி அதிலிருந்து எத்தனை செ.மீ. என்று வழிமுறைத் தாளில் இருக்கும். அளவு நாடா வைத்தே பொருத்துங்கள். நான்கு கால்களையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுமுறையில் முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கம்பி கோணும். முடிந்ததும் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் உலுக்குங்கள். கார்தான் ஆட வேண்டும், கம்பி தனியாக ஆடக்கூடாது.

சிறிய காரில் இரண்டு கம்பிகளுக்கும் இடைவெளி குறைவு, 60 முதல் 75 செ.மீ. வரைதான் கிடைக்கும். 70 என்று வைத்தால் 3 மீற்றர் கயாக் முன்னும் பின்னும் 1.15 மீற்றர் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். 4.9 மீற்றர் நீளமுள்ள கடல் கயாக் என்றால் ஒவ்வொரு பக்கமும் 2.1 மீற்றர். காற்று அந்த நீண்ட முனையைத் தூக்கும்போது அது நெம்புகோலாக மாறிக் கம்பியின் காலைப் பிடுங்கப் பார்க்கும். இதை நினைவில் வைத்திருங்கள். முன்கயிறு ஏன் வேண்டும் என்பதற்கு விடை இதுதான்.

ஏற்றுவது

வீதியில் நிறுத்தி ஏற்றுவதானால் நடைபாதைப் பக்கமாக நின்று ஏற்றுங்கள். கயாக்குக்குள் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். துடுப்பு, பாதுகாப்பு அங்கி, தண்ணீர்ப் போத்தல், நேற்றைய சேற்றுத் தண்ணீர் எல்லாமே. உள்ளே விட்டால் எடை கூடும், ஓட்டத்தில் பறந்தும் போகும். கழற்றக்கூடிய இருக்கை என்றால் அதையும் கழற்றிக் காருக்குள் போடுங்கள்.

இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு முனை. முனைகளில் இருக்கும் கைப்பிடியை மட்டும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம். அது சுழலும். ஒரு கையால் கைப்பிடி, மறு கையால் உடலின் அடிப்பகுதி. முதுகை வளைக்காமல் முழங்காலால் எழும்புங்கள்.

தனியாள் என்றால் பின்பக்கத்திலிருந்து ஏற்றுவது எளிது. காரின் பின்பகுதியில், கூரை முடியும் இடத்தில், அடிப்பக்கம் ரப்பர் உள்ள குளியலறை மிதியடியைப் போடுங்கள். கயாக்கைக் காருக்குப் பின்னால் நேராக வைத்து, முன்முனையைத் தூக்கி மிதியடியில் சாய்த்துவிட்டுப் பின்முனைக்குப் போய்த் தள்ளுங்கள். பாதி எடையைத்தான் ஒரு நேரத்தில் தூக்குவீர்கள். கம்பிமேல் வந்த பிறகு தாங்கிக்குள் புரட்டிவிடலாம். செடானில் டிக்கி மூடியின் தகடு மெல்லியது, அதன்மேல் எடையை இறக்காதீர்கள்.

மூன்று கயாக் ஏற்றும்போது ஒழுங்கு முக்கியம். எடை கூடியது தாங்கியின் நடுத்தண்டை ஒட்டி முதலில் போக வேண்டும். அதைக் கட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தூக்குங்கள். எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று நினைத்தால், மூன்றாவதைத் தூக்கும்போது முதலாவது மறுபக்கத்தால் வழுக்கி விழும். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று வரும்போது தனியாக நிற்பது பாரமானதாக இருக்கட்டும்.

நீளவாட்டில் கயாக்கின் நடுப்பகுதி இரண்டு கம்பிகளுக்கும் நடுவே வர வேண்டும். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் ஹட்ச்பாக் கார் என்றால், கட்டுவதற்கு முன் கதவைத் திறந்து பாருங்கள். கயாக்கில் முட்டினால் தேவையான பொருட்களை இப்போதே பின் இருக்கைக்கு மாற்றிவிடலாம்.

கட்டுவது

25 மி.மீ. அகலமுள்ள பொலியஸ்ரர் பட்டி, பல் உள்ள அழுத்துக் கொக்கியோடு வருவது, இதற்குப் போதும். ஒரு கயாக்குக்கு இரண்டு, நீளம் 3.6 மீற்றர். மூன்றையும் சேர்த்துச் சுற்ற 5 மீற்றர் நீளமானது இரண்டு. நைலோன் நனைந்தால் நீளும். மழையில் அரை மணி நேரம் ஓடினால் கட்டு தளர்ந்திருக்கும். கிறீச் கிறீச் என்று முறுக்குகிற ராட்செற் பட்டியை லொறிக்கு விட்டுவிடுங்கள். அதன் இழுப்பு பிளாஸ்டிக் வள்ளத்தை நசுக்கிவிடும், எவ்வளவு இறுக்குகிறோம் என்று கைக்கும் தெரியாது.

கட்டும் முறை இது:

1. கொக்கியை உங்கள் பக்கத்தில், குறுக்குக் கம்பிக்குச் சற்று மேலே வரும்படி வைத்துக்கொண்டு, மறுமுனையைக் கயாக்கின் மேலாக எறியுங்கள். கொக்கி உள்ள முனையை எறியாதீர்கள். மறுபக்கக் கண்ணாடிக்கு அது கல்.

2. மறுபக்கம் போய், பட்டியைக் குறுக்குக் கம்பிக்கு அடியால் எடுத்து மீண்டும் மேலே எறியுங்கள். தாங்கியை மட்டும் சுற்றினால் போதாது. தாங்கியின் திருகாணி கழன்றாலும் வள்ளம் கம்பியோடு நிற்க வேண்டும்.

3. உங்கள் பக்கத்தில் மீண்டும் கம்பிக்கு அடியால் எடுத்து, கொக்கியின் கீழிருந்து மேலாகச் செருகுங்கள். தலைகீழாகச் செருகினால் பல் பிடிக்காது. பிடித்தது போலத் தோன்றும், இழுத்தால் வழுக்கும்.

4. கீழ்நோக்கி இழுத்து இறுக்குங்கள். கொக்கிக்கும் காருக்கும் நடுவே அதன் மெத்தைத் துணி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவில் கீறல் விழும்.

5. மற்றக் கம்பியிலும் இதையே செய்துவிட்டு, முதலாவதை மீண்டும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தளர்ந்திருக்கும்.

எவ்வளவு இறுக்கம்? கயாக்கின் முனையைப் பிடித்து உலுக்கினால் கார் முழுவதும் ஆட வேண்டும். வள்ளம் மட்டும் ஆடினால் இன்னும் இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் உள்ளே குழிந்தால் கூடிவிட்டது. மிச்ச நுனியைக் கதவுக்குள் வைத்து மூடுகிறவர்கள் உண்டு. மழை பெய்தால் அந்தப் பட்டி வழியே தண்ணீர் இருக்கைக்கு வந்து சேரும். கம்பியிலேயே சுற்றி முடிந்து விடுங்கள். நெடுஞ்சாலையில் பட்டி வீணை போல ரீங்காரம் போடும். கட்டும்போதே அந்தரத்தில் வரும் பகுதியில் ஒரு முறுக்கு விட்டால் சத்தம் அடங்கும்.

மூன்று கயாக்கில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டு, கடைசியில் எல்லாவற்றையும் நடுத்தண்டோடு சேர்த்து ஒரு பொதுக் கட்டு. பொதுக் கட்டு மட்டும் போட்டால், ஒன்று நகர்ந்ததும் மற்ற இரண்டுக்கும் கட்டு தளர்ந்துவிடும்.

முன்கயிறும் பின்கயிறும்

3 மீற்றர் கயாக்குக்கு இது தேவையில்லை என்று சொல்பவர்கள் நிறைய. பக்கத்துத் தெருவுக்கு என்றால் ஒத்துக்கொள்வேன். 400 வரிசை நெடுஞ்சாலையில் ஏறுவதானால் எந்த நீளமானாலும் கட்டுங்கள் என்பதே என் கருத்து. குறுகிய இடைவெளியில் நிற்கும் கம்பிகளில் இரண்டு மூன்று வள்ளம் விளிம்பில் நின்றால் காற்றுக்கு முன்னால் அது ஒரு பெரிய பலகை. நடுவில் உள்ள பட்டிகள் கீழே அழுத்தும் வேலையைச் செய்யும். முனை மேலெழும்பாமலும் பக்கவாட்டில் திரும்பாமலும் பிடிப்பது முன்கயிறு. கம்பியின் கால் ஒன்று கழன்றால் வள்ளம் பின்னால் வருபவரின் கண்ணாடியில் போய் விழாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பதும் அதுதான்.

காரில் எதில் கட்டுவது என்பதுதான் சிக்கல். இன்றைய கார்களின் முன்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக். பம்பரில் கட்டினால் பம்பரோடு போய்விடும். பொனற்றைத் திறந்தால் இரு ஓரங்களிலும் மட்கார்டைப் பிடிக்கும் போல்ட் வரிசை தெரியும். பட்டித் துணியில் செய்த சிறிய வளையம் கடையில் விற்கும். அதன் துளையை அந்தப் போல்ட்டில் மாட்டி இறுக்கி, வளையத்தை வெளியே விட்டுப் பொனற்றை மூடினால் வேண்டிய இடத்தில் உறுதியான பிடி கிடைக்கும். வேலை முடிந்ததும் உள்ளே மடித்து விடலாம். பின்னால் டிக்கிக் கீலின் அருகிலும் இதேபோல ஒரு வளையம் போடலாம். கயாக் நீளமானதாக இருந்து முனை பின்பம்பருக்கு மேலே வந்தால் இழுவை வளையத்திலும் கட்டலாம்.

முன்முனையின் கைப்பிடியிலிருந்து இரண்டு பக்க வளையங்களுக்கும் தலைகீழான ‘வி’ போலக் கயிறு இறங்கட்டும். இறுக்கும் முடிச்சுக்கு லொறிக்காரர் போடும் முறை நல்லது. மேலிருந்து வரும் கயிற்றில் நடுவே ஒரு சுருக்கு வளையம் போடுங்கள். நுனியைக் கார் வளையத்துக்குள் விட்டு மேலே கொண்டுவந்து அந்தச் சுருக்குக்குள் நுழைத்துக் கீழே இழுத்தால், கப்பியில் இழுப்பது போல இறுகும். இறுகிய இடத்தை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு அரைமுடிச்சுப் போடுங்கள். முடிச்சில் கை பழகவில்லை என்றால் கப்பியும் பல்லும் சேர்ந்த கயிறு கடையில் கிடைக்கும். எதுவானாலும் தொய்வில்லாமல் நின்றால் போதும். அதற்குமேல் இழுத்தால் வள்ளத்தின் முனை வளையும்.

இங்கே உயிர் சம்பந்தமான ஒரு விஷயம். மிச்சக் கயிறு தொங்கக்கூடாது. அவிழ்ந்து தொங்கிய முன்கயிறு முன்சில்லுக்கு அடியில் சிக்கினால் சில்லு அதைச் சுருட்டி இழுக்கும். வள்ளம் முறியும், கம்பி கூரையோடு பெயரும். நுனியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். முடிந்தால் அவிழ்ந்தாலும் சில்லை எட்டாத நீளத்துக்கே கயிற்றை வெட்டி வைத்திருங்கள்.

முன்கண்ணாடியின் மேல் நடுவே கமரா உள்ள கார் என்றால் அதன் பார்வைக்குக் குறுக்கே கயிறோ கயாக்கின் முனையோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தடம் காக்கும் உதவியும் தானியங்கி பிரேக்கும் குழம்பலாம். அந்த ஓட்டத்துக்கு அவற்றை எப்படி நிறுத்துவது என்று கையேட்டில் இருக்கும்.

ஒன்ராறியோ வீதிச் சட்டப்படி, சுமை காரின் பின்புறத்துக்கு அப்பால் 1.5 மீற்றர் அல்லது அதற்கு மேல் நீட்டினால் பகலில் சிவப்புக் கொடி அல்லது சிவப்பு அடையாளம், இரவில் சிவப்பு விளக்கு வேண்டும். 3 மீற்றர் கயாக்குக்கு இது வராது. கடல் கயாக்கைச் சிறிய ஹட்ச்பாக்கில் பின்தள்ளிக் கட்டினால் நெருங்கி வரும். நீளம் எவ்வளவானாலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவது நல்லது, பின்னால் நடந்து போகிறவரின் கண்ணுக்காவது உதவும்.

ஓட்டுவது

புறப்பட்டுப் பத்து நிமிடத்தில், நெடுஞ்சாலை ஏறும் முன், ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி எல்லாப் பட்டியையும் தொட்டுப் பாருங்கள். வள்ளம் தாங்கியில் தன் இடத்தைப் பிடித்து உட்காரும்போது கட்டு கொஞ்சம் தளர்வது இயல்பு. பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சுற்று.

காற்றின் தள்ளல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இருக்கும் தள்ளலில் 64 சதவீதம்தான் 80இல் இருக்கும். அதனால் வலது பக்கத் தடத்தில் 80, 90க்குள் போவதே சரி. கவார்தாவுக்கு 401 கிழக்கில் போய் 35/115 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறும்போது திறந்த வயல்வெளி வரும், பக்கக் காற்று அங்கேதான் பிடிக்கும். பெரிய லொறி முந்தும்போது முதலில் ஒரு தள்ளு, கடந்ததும் ஓர் இழுப்பு. ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். பாரம் மேலே இருப்பதால் வளைவில் கார் வழமையைவிடச் சாயும், நிறுத்தவும் கூடுதல் தூரம் வேண்டும். காற்று எச்சரிக்கை வந்த நாளில் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அந்தக் காற்றில் ஏரியும் உங்களை வரவேற்காது.

மழை நாளில் கயாக்கின் இருக்கைக் குழிக்குள் தண்ணீர் தேங்கும். சாய்ந்து நிற்கும் கயாக்கிலும் கொஞ்சம் தங்கும். இருக்கைக் குழியை மூடும் உறை போட்டால் தண்ணீரும் நிற்காது, காற்றும் உள்ளே புகுந்து உதறாது.

உயரத்தை மறக்காதீர்கள். 1.43 மீற்றர்க் காரில் கம்பிக்கு 12 செ.மீ., விளிம்பில் நிற்கும் வள்ளத்துக்கு 70 செ.மீ. சேர்த்தால் 2.25 மீற்றர். சாதாரண வீட்டுக் கராஜ் கதவின் உயரம் 2.13. அடுக்குமாடிக் கட்டடங்களின் நிலக்கீழ்த் தரிப்பிடம் பலவற்றில் அதைவிடவும் குறைவு. களைத்துப்போய் வீடு திரும்பும் மாலையில் கை தன்பாட்டில் கராஜ் பொத்தானை அழுத்தும். உங்கள் மொத்த உயரத்தை அளந்து ஒரு துண்டுத் தாளில் எழுதி ஸ்ரியரிங்குக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். கராஜ் றிமோட்டைக் கையுறைப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

ஏற்ற முடியாத அளவு வந்தால்

நான்கு பேருக்கு நான்கு வள்ளம்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். இரண்டு பேர் அமரும் கயாக் ஒன்று 30 முதல் 35 கிலோ. அதைக் கம்பியில் கவிழ்த்துப் படுக்க வைக்கலாம், இரண்டு தனிக் கயாக்கின் இடத்தையும் தாங்கியின் எடையையும் மிச்சம் பிடிக்கும். தூக்குவதற்கு மட்டும் கட்டாயம் இருவர் வேண்டும். அல்லது கூரையில் இரண்டு, டிக்கியில் காற்றடிக்கும் கயாக் ஒன்று. அமைதியான ஏரிக்குக் காற்றடிக்கும் கயாக் எந்தக் குறையும் இல்லாதது. கூரையில் ஏற்றக்கூடாத காருக்கும் இதுவே வழி.

சிறிய இழுவை வண்டி நல்ல யோசனைதான், ஆனால் வட அமெரிக்காவில் விற்கப்படும் பல சிறிய கார்களின் கையேடு இழுக்க வேண்டாம் என்கிறது. அல்கொன்குயின் வரை மூன்று நான்கு மணி நேரம் ஓடுவதானால் வாடகையையும் கணக்கில் எடுங்கள். 60ஆம் நெடுஞ்சாலையில் கனூ ஏரிக்கரையிலேயே வள்ளம் வாடகைக்குக் கிடைக்கும். எரிபொருளையும் இறுக்கிக் கட்டும் நேரத்தையும் பார்த்தால் வருடத்தில் ஒரு முறை போகிறவருக்கு அது இலாபம்.

கரையில், பிறகு வீட்டில்

இறக்கும்போது ஏற்றியதற்கு எதிர் ஒழுங்கு. முதலில் முன்கயிறும் பின்கயிறும், பிறகு பொதுக் கட்டு, பிறகு வெளியே நிற்கும் கயாக். ஒருவர் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர் கடைசிப் பட்டியை அவிழ்க்க வேண்டும். நாள் முழுவதும் வெயிலில் நிறுத்தி வைப்பதானால் பட்டியைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள், புறப்படும் முன் மறக்காமல் இறுக்குங்கள்.

திரும்பும் வழியில் ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று சட்டமாகவே இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில், வள்ளத்தை நிலவழியே கொண்டுபோகும் முன் அதில் ஒட்டியிருக்கும் நீர்ச்செடி, பாசி, உயிரினங்களை அகற்றி, அடைப்பானைத் திறந்து தண்ணீரையும் வடிக்க வேண்டும். கயாக்கும் கனூவும் இதில் அடக்கம். வரிக்குதிரைச் சிப்பி போன்ற வந்தேறி உயிர்கள் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போவது இப்படித்தான். கவார்தாவில் சனிக்கிழமையும் ரூஜில் ஞாயிற்றுக்கிழமையும் இறங்குகிறவர்கள் இதைக் கரையிலேயே செய்ய வேண்டும். தண்ணீர் வடிந்தால் தூக்குவதற்கும் இலகு.

வீட்டில் கயாக்கை விளிம்பில் சாய்த்து வெயில் படாத இடத்தில் வையுங்கள். பட்டிகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கொக்கியின் பல்லில் மணல் இருந்தால் பிடி குறையும். ஒக்ரோபர் முடிவில் கம்பியைக் கழற்றிவிடுங்கள். குளிர்காலத்தில் வீதியில் போடும் உப்பு கவ்வியின் திருகாணியில் ஏறினால் அடுத்த கோடையில் அசையாது, சும்மா நிற்கும் கம்பி எரிபொருளையும் தின்னும். கழற்றும் முன் கதவைத் திறந்து, ஒவ்வொரு காலும் நின்ற இடத்துக்கு நேரே சட்டத்தின் உள்பக்கத்தில் சிறு நாடாத் துண்டை ஒட்டி வையுங்கள். மே மாதத்தில் மீண்டும் அளவு நாடாவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.